பொய்க்கடையில் கிளிப் உடைவதில்லை

ஜூன் 3

சின்னவனுக்கு அக்கா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வந்து உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிட்டால் மானம் பாதியாவது மிஞ்சும். பயிற்சியின் முதல் நாள் வாத்தியார் எழுந்து, "உங்க கடை வாசல்ல நாற்பது கார் விக்காம நிக்குது" என்றார். நான் எழுந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெளியே ஒரு சைக்கிள் நின்றது. "அங்க இல்லம்மா, கம்ப்யூட்டருக்குள்ள" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். சாயங்காலம், "நாற்பதுல பதினஞ்சு போயிடுச்சு" என்றதும் மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டேன். சைக்கிளும் போயிருந்தது.

இங்கே எங்களுக்கு ஆளுக்கொரு கடை கிடையாது. நாலு பேருக்கு ஒரு கடை. புது வண்டி விற்கும் இடம், பின்னால் ஒர்க்‌ஷாப், ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர், எல்லாம் திரைக்குள்ளே. எத்தனை கார் வரவழைப்பது, எவ்வளவு தள்ளுபடி கொடுப்பது, எத்தனை மெக்கானிக் வைப்பது என்று நாங்கள் சொல்ல வேண்டும். இங்கே ஒரு நாள் என்றால் கடைக்கு மூன்று மாதம். எட்டு நாளில் இரண்டு வருஷம் ஓடிவிடும். தலை நரைக்காமல் இரண்டு வருஷம் போவதை இங்கேதான் பார்க்கிறேன். இதற்கு ஏதோ நாக்கு சுளுக்குகிற பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பொய்க்கடை என்று வைத்துக்கொண்டேன்.

என் குழுவில் மூன்று ஆண்கள். ஒருவர் வெயிலிலும் டை கட்டுகிறார், அவர் டை. ஒருவர் எதைக் கேட்டாலும் பெருக்கிப் பார்க்கிறார், அவர் கால்குலேட்டர். மூன்றாமவர் பழைய கார் விற்கும் பிரிவிலிருந்து வந்தவர், பழையவர். மூன்று பேரும் மேலே ஷோரூமில் உட்கார்ந்துகொண்டு ஒர்க்‌ஷாப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் ஊழியர் ஒன்று, ஊழியர் இரண்டு என்று பதினோரு பொம்மை. ஒரே சட்டை, ஒரே தொப்பி. எனக்கு யார் யாரென்று புரியவில்லை. பேர் வைக்கலாம் என்றார் வாத்தியார். உடனே கால்குலேட்டரிடம் நம் கிளை ஆட்கள் பேரை அடிக்கச் சொல்லிவிட்டேன். நெட்டை, பாட்டுக்காரர், டிங்கர் அண்ணன், எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். கவுண்டரில் நீ. "சின்னவன்" என்று தொப்பிக்கு மேலே போட்டிருக்கிறது. நிஜத்தில் உனக்கு அந்தத் தொப்பி பொருந்தாது, உன் மண்டை பெரிசு.

ஒருவருக்கொருவர் ரகசியம் சொல்லிவிடுவோம் என்று போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பயிற்சிக்கூடம் ஸ்பேர் பார்ட்ஸ் டிப்போவின் மாடியில்தான் இருக்கிறது. நம் கிளைக்கு சாமான் ஏற்றி வருகிற வண்டி டிரைவர் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதிலும் அவரிடமே கொடு.

கிளம்பும்போது நீ பேசவில்லை. வேலையாக இருந்தாய் என்று வழியனுப்ப வந்த உன் மாமாவிடம் சொல்லிச் சமாளித்தேன். மேலாளர் வேலைக்கு இரண்டு பேரும்தான் விண்ணப்பம் போட்டோம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று என்னுடையதையும் நீயே நிரப்பிக் கொடுத்தாய். உன் முத்து முத்தான எழுத்தைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார்களோ என்னவோ. கோபப்படுவதென்றால் உன் கைமேல் கோபப்படு.

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரேக் ஆயில் டின்களுக்கு நடுவில் இருந்ததால் ஒரு மூலை நனைந்திருந்தது. படிக்க முடிந்தது.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. டிப்ளமா படித்தவன் கவுண்டரிலும், வண்டி கழுவ வந்தவர் மேலாளர் நாற்காலியிலும் உட்காருவது கம்பெனியின் முடிவு. அதைப் பற்றி நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் கோபம் இல்லை என்றே சொல்கிறேன்.

இங்கே நீ இல்லாமல் எல்லாம் நடக்கிறது. நெட்டை நேற்று, கழற்றிய பழைய கிளிப்பைச் சேர்த்து வைக்கும் நம் ஓசித் தட்டைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கதவு அட்டையை மாட்டும் கிளிப்பும் பம்பர் திருகும் ஒன்றாகக் கிடந்தன. பிரித்து வைக்க ஒரு மணி நேரம் ஆனது. பொறுப்பில் இருக்கிற தற்காலிக மேலாளர் அந்தப் பக்கம் வந்தார். ஆயில் டின்னை இழுத்துத் தட்டை மறைத்தேன். பழைய கிளிப்பெல்லாம் கணக்கில் எழுதிக் கழிவில் போட வேண்டும் என்பது விதி. எட்டு வருடமாக நாம் அதை மீறிக்கொண்டிருக்கிறோம் என்பது உனக்கு நினைவிருக்கும்.

ஒரு விஷயம். கிளைகளில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரையே எடுத்துவிட்டு, மெக்கானிக்குகளே டிப்போவுக்கு நேராகக் கம்ப்யூட்டரில் எழுதி வாங்கட்டும் என்று மேலே பேச்சு அடிபடுகிறது. புது மேலாளர்கள் வந்ததும் முடிவு செய்வார்களாம். புது மேலாளர் என்றால் இங்கே நீதான். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், கோபம் இல்லை.

உன் பொய்க்கடையில் நான் எப்படி இருக்கிறேன்?

தம்பி


ஜூன் 8

சின்னவனுக்கு,

கடிதத்தில் கோபம் இல்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், எனக்கு மூன்று வரை நன்றாக எண்ண வரும்.

பொய்க்கடையில் இந்த வாரம் மழைக்காலம் மாதிரி. பெட்ரோல் விலை ஏறிவிட்டது, ஜனங்கள் கார் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று வாத்தியார் ஒரு தாளை நீட்டினார். டை அன்றைக்கு டையைக் கழற்றிவிட்டார், நிலைமை அப்படி. பழையவர் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார், கெட்ட காலத்தில்தான் பழைய கார் ஓடுமாம்.

உன்னைக் கேட்டாய். நன்றாக இருக்கிறாய். வேறு விசேஷம் இல்லை.

இங்கே டீயில் சர்க்கரையே போடுவதில்லை. படுக்கை பரவாயில்லை. பக்கத்து அறைப் பெண்மணி குறட்டை விடுகிறார், ஆனால் நல்லவர். மாமாவை மருந்து நேரத்துக்குப் போடச் சொல். நெட்டையிடம் தட்டைக் கிளறினால் வந்து கையை ஒடிப்பேன் என்று சொல். வண்டி கிளம்பப் போகிறது.

அக்கா


ஜூன் 12

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பயிற்சியில் உங்கள் குழு எடுத்த முடிவுகளை மற்ற ஊழியர்களும் தெரிந்துகொண்டு ஊக்கம் பெற வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. தற்காலிக மேலாளர் அதை வருகைப்பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். காலையில் விரல் வைக்க வந்த எல்லாரும் படித்தார்கள். முதலில் தங்கள் பேர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு நான்காம் கட்டத்துக்கு வந்தார்கள்.

"நீக்கப்பட்ட ஊழியர்: சின்னவன் (எண் 7). பிரிவு: ஸ்பேர் பார்ட்ஸ். விளைவு: லாபம் உயர்வு."

நெட்டை என் தோளில் கை போட்டு, "என்ன தம்பி, இன்னும் கெளம்பலயா?" என்றார். பாட்டுக்காரர் பெயின்ட் அறையிலிருந்து சோகமாக ஒரு ராகம் இழுத்தார். டிங்கர் அண்ணன் பத்து மணிக்கு எல்லாருக்கும் டீ வாங்கி, "பிரிவு உபசார விழா" என்றார். நானும் குடித்தேன். குடிக்காமல் இருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். சாயங்காலம்வரை யார் என்ன பாகம் கேட்டு வந்தாலும், "இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டார்கள்.

அந்தத் தாளில் தேதி ஜூன் 7. "நன்றாக இருக்கிறாய், வேறு விசேஷம் இல்லை" என்று நீங்கள் எழுதியது ஜூன் 8.

பத்துப் பேர் வேறு இருந்தார்கள். பொம்மைதானே என்று சொல்லிவிடாதீர்கள். பொம்மை என்றால் யாரை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

நீங்கள் நாற்காலியில் உட்காரும் நாளில் உங்களுக்கு வேலை குறைவாக இருக்கட்டும் என்று ராஜினாமாவை இப்போதே எழுதிவிட்டேன். மேசை இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. அதனால் ஓசித் தட்டின் அடியில், கிளிப்புகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நெட்டைகூட மேலாகத்தான் கிளறுவார்.

தங்கள் உண்மையுள்ள,
ஊழியர் ஏழு


ஜூன் 14

சின்னவனே,

நீங்கள் என்றும் அவர்கள் என்றும் எழுதாதே. கையெழுத்து உன்னுடையது, மரியாதை வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. செருப்பால் அடி, சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். ஒர்க்‌ஷாப்பில் ஒருவரைக் குறைக்காவிட்டால் கடை மூடப்படும், இருபது நிமிஷம் தருகிறேன் என்று வாத்தியார் கடிகாரத்தை ஓடவிட்டார். மற்ற மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் திரையில் நெட்டையின் பேர்மேல் மவுஸ் அம்பை வைத்தேன். அவர் மனைவி இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிக்கு நடப்பது ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன். டிங்கர் அண்ணன்மேல் வைத்தேன். அவர் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது. பாட்டுக்காரர்மேல் வைத்தால் அந்த ஆள் பெயின்ட் வாசத்தில் இருபது வருஷம் நின்ற நெஞ்சோடு வேறு எங்கே போவார்? டை பொறுமை இழந்து, "பேர் வச்சதுதான் தப்பும்மா. ஏழாம் நம்பர்னு நெனச்சு அமுக்குங்க" என்றார். ஏழு நீ.

அமுக்கிவிட்டேன்.

ஏன் உன்னை என்று கேட்கிறாய். மற்றவர்களை எடுத்தால் அவர்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பு கிடையாது. உன்னிடம் திட்டு வாங்கத் தெம்பு இருக்கிறது. என் பை, என் குடை, என் தம்பி என்று கை தானாக உன்னிடம் போய்விட்டது. எழுதும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது பார். அப்புறம் உனக்கு எழுத உட்கார்ந்தேன், பேனா டீயைப் பற்றியும் குறட்டையைப் பற்றியும் எழுதிவிட்டு எழுந்துவிட்டது.

இன்னும் ஒன்று, இதையும் ஒளிக்கவில்லை. நீ போனதும் கடை தேறிவிட்டது. கடைசி நாளில் நாங்கள்தான் முதலிடம். கம்ப்யூட்டரில் கலர் காகிதம் கொட்டியது, எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

பதினாறாம் தேதி காலையில் தலைமை அலுவலகத்து ஐயா வருகிறார். பொய்க்கடையில் செய்ததை அவரவர் கிளையில் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்பாராம். டை எல்லாவற்றையும் எழுதிவிட்டார். நம் கிளைக்கு என்று முதல் வரியே "கவுண்டரை எடுப்பது". அதன் கீழே என் பேர் இருக்கிறது.

ஒன்று மட்டும் என் மண்டைக்குள் குடைகிறது. இரண்டு வருஷம் ஓடிய கடையில் ஒரு கிளிப்கூட உடையவில்லை. அதனால்தான் நீ இல்லாமல் வண்டிகள் சட்சட்டென்று வெளியே போகின்றன. தட்டைப் பற்றி ஐயாவிடம் சொன்னால் உன் வேலைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியும் என்று தோன்றுகிறது. சொல்லட்டுமா?

அக்கா


ஜூன் 16

அக்கா,

சொல்லாதே.

ஆள் குறைப்பில் போனால் வேறு இடத்தில் வேலை கேட்டுப் போய் நிற்கலாம். கணக்கில் வராத சாமானை எட்டு வருடம் மறைத்து வைத்தவன் என்று எழுதி அனுப்பினால் எங்கேயும் நிற்க முடியாது. மறைத்து வைத்தவன் என்ற சொல்லுக்கு வேறொரு சொல் இருக்கிறது, உனக்கே தெரியும்.

முந்தாநாள் வண்டி வந்தபோது நான் சாமான் இறக்கிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் பிரிப்பதற்குள் டிரைவர் அண்ணன் கிளம்பிவிட்டார். நேற்று வண்டி வரவில்லை. இதை இன்றைய முதல் வண்டியில் கொடுக்கிறேன். அவரை வேகமாகப் போகச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 17

சின்னவனுக்கு,

டிரைவர் அண்ணன் வேகமாகத்தான் வந்தார். மத்தியானம் கையில் கொடுத்தார். அதற்குள் நான் காலையிலேயே வாயைத் திறந்து முடித்திருந்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் பேரை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் பேரை ஒரு தடவை அமுக்கிப் பட்டது போதும் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

டைதான் பேசினார். நன்றாகப் பேசினார். ஐயா தலையாட்டிக்கொண்டே வந்து, என் பக்கம் திரும்பினார். "சின்னவன்னு ஒருத்தர எடுத்தீங்க, கடை தேறிடுச்சு. கிளையிலயும் அதையே செஞ்சிடலாமில்ல?"

நான் எழுந்து நின்றேன். "ஐயா, உங்க வெளையாட்டுல கிளிப்பே ஒடையலீங்க" என்றேன்.

"என்னது?"

"ஒரு கதவோட உள் அட்டையக் கழட்டுனா நாலு கிளிப் ஒடையும். ரெண்டு வருஷத்துல ஒண்ணுகூட ஒடையாத ஒர்க்‌ஷாப்ப நான் எங்கயும் பாத்ததில்லீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஒடைஞ்சா டிப்போவுல எழுதி வாங்கணும்" என்றார்.

"மூணு நாள் ஆகும்ங்க. அதுவரைக்கும் வண்டி கதவு அட்டையில்லாம நிக்கும்."

"அப்போ இத்தன நாளா எப்படிச் சமாளிச்சீங்க?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆயில் டின்னுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பழைய வண்டியில் கழற்றிய நல்ல கிளிப், எந்த வண்டிக்கு எது சேரும் என்று நீ கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பது, எல்லாம் வந்துவிட்டது. அப்புறம்தான் எல்லாரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. உதவிக்குப் பழையவரைப் பார்த்தேன். அவர் கிளையிலும் அப்படி ஒரு டப்பா இருக்கிறது, காலையில்தான் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் தன் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா நோட்டில் ஏதோ எழுதினார். "அந்தத் தட்டுல இருக்கறது எல்லாத்தயும் எண்ணிக் கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. அடுத்த மூணு மாசம் கவுண்டர் இருக்கட்டும், பாப்போம். வெச்சிருந்த ஆளுக்கு ஒரு மெமோ" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் உன் முகத்தில் விழித்திருக்கவே மாட்டேன். ஏன் தெரியுமா? அந்தத் தட்டை ஆரம்பித்ததே நான். வண்டி கழுவுகிற காலத்தில் வடிகால் சல்லடையில் சிக்குகிற கிளிப்பையெல்லாம் பொறுக்கி, "தூக்கிப் போடாதடா" என்று உன் மேசையில் கொட்டினவள் நான். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. புது நாற்காலி கண்ணுக்குள் ஆடியது, வேறு காரணம் இல்லை.

அவர் காரில் ஏறிய பிறகு ஓடினேன். செருப்பு ஒன்று படிக்கட்டிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன். ஒரு நிமிஷம் என் காலைப் பார்த்தார். "அப்போ உங்களுக்கும் ஒண்ணு" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார். மேலாளராக எனக்கு வரப்போகும் முதல் கடிதம் மெமோ.

உனக்கு மூன்று மாதம் வாங்கியிருக்கிறேன். இங்கே அது ஒரு நாள். அவ்வளவுதான் என்னால் முடிந்தது, அதுவும் உன் பேரைக் கெடுத்துத்தான். நீ வேண்டாம் என்று எழுதிய கடிதத்தைப் பையில் வைத்திருக்கிறேன். எடுத்தெடுத்துப் படிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் தாமதமாகத்தான் வருகிறது.

கேடயத்தை வண்டியில் போட்டு அனுப்புகிறேன். என் பையில் வைக்கப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை வருகிறேன். தட்டின் அடியில் வைத்ததை அதற்குள் எடுத்துக் கொடுத்துவிடாதே. நான் வந்து உன்னிடம் நேரில் திட்டு வாங்க வேண்டும்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

டிப்போவிலிருந்து நேற்று இரண்டு பேர் கம்ப்யூட்டரோடு வந்தார்கள். மெமோவும் அவர்களோடு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். உன்னுடையதும் வந்திருக்கிறது. உன் மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு பேரிங்கை மேலே வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. இதை ஒரு தடவை மட்டும் எழுதுகிறேன், எண்ணிக்கொள்.

நீ ஐயாவின் காருக்கு ஓடியதை டிரைவர் அண்ணன் இங்கே நடித்துக் காட்டினார். ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி நடித்தார். நெட்டை சிரித்தார், பாட்டுக்காரர் சிரித்தார். டிங்கர் அண்ணன் சிரிக்காமல், "சல்லடையில உங்கக்கா பொறுக்குனத நானும் பாத்திருக்கேன்" என்றார். பிறகு எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். இன்று பாகம் கேட்டு வந்தவர்கள் நேராகப் பாகத்தையே கேட்டார்கள்.

தட்டில் ஒன்றையும் விடாமல் ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. எண்ண ஒன்றரை நாள் ஆனது. பதினாறு வகைக் கிளிப், ஒன்பது வகைத் திருகு. அடியில் உன் கம்மல் திருகாணி ஒன்று கிடைத்தது. நான்தான் தொலைத்தேன் என்று வண்டி கழுவும் காலத்தில் நீ என்னை அடித்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் ஒரு எண் கொடுத்துவிட்டார்கள். எந்த மாடல் என்று கேட்டார்கள், தெரியாது என்றேன்.

கேடயம் வந்தது. வரும் வழியில் பலகையிலிருந்து கழன்றுவிட்டது, பின்னால் இருந்த கிளிப் உடைந்திருக்கிறது. தட்டில் பொருத்தமானது இருக்கிறது. ஆனால் அது கணக்கில் ஏறிவிட்டது, கேடயத்துக்குக் கொடுக்க விதியில் இடமில்லை. டிப்போவுக்கு எழுதியிருக்கிறேன். மூன்று நாள் ஆகும்.

இன்னொன்று. கிளிப்புகளுக்குக் கீழே என்னுடைய ராஜினாமா இருந்தது. நான் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் அதையும் எண்ணிவிட்டார்கள். "கடிதம், மடித்தது, ஒன்று. நிலை: பயன்படுத்தாதது" என்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. கணக்கில் ஏறியதை மேலாளர் கையெழுத்து, அதாவது உன் கையெழுத்து, இல்லாமல் வெளியே எடுக்க முடியாதாம். படிவம் வாங்கி என் பக்கத்தை நிரப்பினேன். "எடுக்கும் காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை மட்டும் நிரப்பவில்லை. கடிதம் இப்போது இரண்டாம் அலமாரியில், ஹெட்லைட் பல்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தம்பி